வீட்டில் வைத்துப் படிக்கவைத்தால் மறுபடி பள்ளியில் சேர்ப்பார்களா?

வாசகர் கேள்விகள்

தில்லி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்று, ஆர்.கே.புரத்தில் வசிக்கும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: அம்மா, நாங்கள் மயூர் விஹாரில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகிறாள், மகன் யு.கே.ஜி. தீபாவளி வந்தால் மகளுக்கு வீசிங் ஆரம்பித்துவிடும். பொங்கல் வரை நெபுலைசர்தான். நவம்பரில் பாதி நாள் லீவு, மீதி நாள் ஆன்லைன். தனியார் பள்ளிக் கட்டணமும் வருஷா வருஷம் ஏறுகிறது. நான் வேலையை விட்டுவிட்டேன். நாலு, அஞ்சு இரண்டையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்க்க நினைக்கிறேன். சட்டப்படி இது தப்பா? டி.சி. வாங்கவேண்டுமா? "ஒருதடவை பெயரை எடுத்துட்டா அப்புறம் எவனும் சேர்த்துக்க மாட்டான்" என்கிறார் கணவர்.

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. எட்டாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பயம் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவர் சொல்வதுதான் நடக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு நாள் குறித்தால் மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

முதலில் சட்டம். 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அக்கம்பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தருகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டில் வைத்துப் படிப்பிப்பதை அந்தச் சட்டம் அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு மாணவியின் வழக்கில், 2012-ல் மத்திய அரசு முதலில் வீட்டுக்கல்விக்குச் சாதகமாகப் பதில் மனு போட்டது, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. நாடு முழுக்க எத்தனையோ குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் பிள்ளைகளை வளர்க்கின்றன. குற்றம் செய்கிறோமோ என்று ராத்திரி தூங்காமல் கிடக்காதீர்கள். அதே சமயம், அரசாங்கம் எழுத்தில் கொடுத்த அனுமதி கையில் இருப்பதாகவும் நினைத்துவிடாதீர்கள்.

திரும்பி வரும் வழி அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தை பள்ளியிலேயே சேராமல் இருந்தாலும், நடுவில் நின்றிருந்தாலும், அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கவேண்டும். பாடத்தில் பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தரவேண்டும். அந்தப் பயிற்சி குறைந்தது மூன்று மாதம், தேவைப்பட்டால் இரண்டு வருஷம் வரை போகலாம். நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது.

காகிதத்தில் இப்படி. நான் பல ஏப்ரல் மாதங்கள் சேர்க்கை மேசையில் உட்கார்ந்தவள், அதனால் நேரில் எப்படி நடக்கும் என்பதையும் சொல்கிறேன். அங்கே இருப்பவர் முதலில் கேட்பது, "பழைய ஸ்கூல் எஸ்.எல்.சி. எங்கே?" தில்லியில் டி.சி.யை அப்படித்தான் கேட்பார்கள். அது இல்லாத பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று அவர் மனதாரவே நம்புவார், ஏனென்றால் அவர் கையிலிருக்கும் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. வாதாடி ஜெயிக்கலாம். ஆனால் அதற்குள் ஏப்ரல் போய் ஜூலை வந்துவிடும். அதனால் இப்போதே, மகளின் மூன்றாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு, பாக்கிக் கட்டணத்தை முடித்து எஸ்.எல்.சி.யை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் அட்டையையும் வாங்குங்கள்.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள், பல பெற்றோர் இதை விட்டுவிடுகிறார்கள். யூடைஸ் பிளஸ் என்ற அரசுத் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'பென்' என்று ஒரு நிரந்தர எண் இருக்கிறது. பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து மகளை விடுவித்தால்தான் புதிய பள்ளி அந்த எண்ணை வைத்து அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியும். விடுவிக்காமல் விட்டால், இரண்டு வருஷம் கழித்து நீங்கள் அந்தப் பழைய பள்ளியின் வாசலில் போய் நிற்கவேண்டியிருக்கும். அன்றைக்கு அங்கே உங்களைத் தெரிந்த ஒருவரும் இல்லாமல் போகலாம்.

ஆறாம் வகுப்பு என்று குறித்திருப்பது மிகச் சரி. தில்லியில் மாநகராட்சிப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிகின்றன. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஆறாம் வகுப்புக்குத் தில்லி அரசின் கல்வி இயக்குநரகம் நடத்தும் பள்ளிகளுக்கு வருகிறார்கள். அந்த வருஷம் வகுப்பில் நிறையப் பேர் புதுமுகங்கள். தனியாக ஒரு பிள்ளை வந்து ஒட்டிக்கொள்ளும் சங்கடம் இருக்காது. மாநகராட்சிப் பள்ளியிலிருந்து வராதவர்களுக்கு இயக்குநரகத்தின் இணையதளத்தில் தனிப் பதிவு உண்டு. 'நான்-பிளான் (Non-Plan) அட்மிஷன்' என்பார்கள். ஏப்ரல் வாக்கில் தொடங்கிச் சில சுற்றுகளாக நடக்கும். முதல் சுற்றிலேயே பதிந்துவிடுங்கள். தில்லி முகவரிச் சான்றும் பிறப்புச் சான்றும் ஒரே மாதிரிப் பெயர் எழுத்துகளோடு இருக்கட்டும். அப்பா பெயரை இனிஷியலாக வைக்கும் நம் வழக்கம் இங்கே பெரும் தொல்லை. ஆதாரில் 'எஸ். காவ்யா', பிறப்புச் சான்றில் 'காவ்யா சுந்தர்' என்று இருந்தால் அதை இந்த வருஷமே சரிசெய்யுங்கள்.

வீட்டில் இருக்கும் இரண்டு வருஷமும் பாடத்துக்கு ஒரு நோட்டு, தேதி போட்டு எழுதட்டும். யாரும் அதைக் கட்டாயம் கேட்கப்போவதில்லை. ஆனால் தலைமையாசிரியர் முன் அந்த நோட்டுகளை வைத்தால் பேச்சின் தொனியே மாறும். நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது வீசிங். வீட்டுக்குள் இருந்தால் நுரையீரல் தப்பிவிடும் என்று நினைக்காதீர்கள். பி.எம். 2.5 என்கிற நுண்துகள் ஜன்னல் இடுக்கு வழியாக வரும். ஆனந்த் விஹார் பக்கத்துக் காற்று எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஜன்னலை அடைத்து, சுத்திகரிப்பான் போட்டு, அந்த அறைக்குள் ஊதுவத்தியும் கொசுவர்த்தியும் ஏற்றாமல் இருந்தால்தான் வீடு பள்ளியைவிட மேல். 2024 நவம்பரில் காற்று மாசுக் கட்டுப்பாடு, மிகக் கடுமையான நான்காம் கட்டத்துக்குப் போனபோது பள்ளிகளே ஆன்லைனுக்கு மாறின. அதாவது மோசமான நாட்களில் உங்கள் மகள் எப்படியும் வீட்டில்தான் இருக்கப்போகிறாள். வீசிங் மட்டும்தான் காரணம் என்றால், டாக்டர் சான்றோடு நவம்பர் முதல் ஜனவரி வரை மருத்துவ விடுப்புக் கேட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. பெயர் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் முதலில் செய்வேன்.

கட்டணமும் சேர்ந்துதான் அழுத்துகிறது என்றால், தனியாரிலிருந்து வீட்டுக்கு வந்து, வீட்டிலிருந்து அரசுப் பள்ளிக்குப் போவானேன்? இந்த ஏப்ரலிலேயே நேராக அரசுப் பள்ளிக்குப் போகலாமே. மகள் வீட்டில் படிக்கவேண்டும் என்பது உங்களுக்குள்ளேயே இருக்கும் ஆசை என்றால், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதை ஆசை என்றே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். காற்றின் மேலும் கட்டணத்தின் மேலும் போட்டுச் சொன்னால், காற்று நன்றாக இருக்கும் மார்ச் மாதத்தில் அவர் மறுபடி கேட்பார்.

மகனை இதில் இழுக்காதீர்கள். அவனுக்கு நோய் இல்லை. ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைப்பது போல் பிறகு எந்த வகுப்பிலும் கிடைக்காது.

கேள்வி: துவாரகாவிலிருந்து எழுதுகிறேன். கொரோனாவில் பள்ளி மூடியபோது வீட்டில் படிக்க ஆரம்பித்தவன் என் மகன், அப்படியே தொடர்ந்துவிட்டான். இப்போது 12 வயது. கணக்கும் சயின்ஸும் ஆர்வமாகப் படிப்பான். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். இந்தி சரளமாகப் பேசுவான், எழுத வராது. அவனே பள்ளிக்குப் போகிறேன் என்கிறான். தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி கிடைத்தால் நல்லது. ஆறில் சேர்ப்பதா, ஏழிலா, எட்டிலா?

பதில்: அவனே கேட்பது பெரிய பலம். ஏழில் சேருங்கள்.

ஆறில் சேர்த்தால் பாடம் எளிதாக இருக்கும், ஆனால் அவனைவிடச் சிறிய பையன்களோடு உட்காரவேண்டும். 12 வயதில் அது உறுத்தும். கொஞ்சம் பொறுத்து நேராக எட்டில் சேர்த்தால், பெஞ்சில் உட்காரப் பழகும் முன்பே வருஷத் தேர்வு வந்துவிடும். ஐந்திலும் எட்டிலும் இப்போது தேர்ச்சி பெற்றாகவேண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்தி அதற்கு வழி செய்தார்கள். தோற்றால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு, அதிலும் தோற்றால் அதே வகுப்பில் நிறுத்தலாம். ஏழில் சேர்ந்தால் தடுமாற ஒரு வருஷம், நிமிர ஒரு வருஷம். அப்புறம் ஒன்பது. ஒன்பதாம் வகுப்பில்தான் சி.பி.எஸ்.இ. மாணவர் பெயரைப் பதிவுசெய்கிறது. அதற்கு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் எட்டாம் வகுப்பு தேறியிருக்கவேண்டும். பத்தாம் வகுப்புக்கு நேராக வெளியிலிருந்து போய்ச் சேர முடியாது. கேந்திரிய வித்யாலயாவிலும் ஒன்பதுக்கு மட்டும் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். மேலே மயூர் விஹார் அம்மாவுக்குச் சொன்னதும் இதைத்தான்.

தமிழ்க் கல்விக் கழகத்துக்குத் தில்லியில் ஏழு பள்ளிகள்: லோதி எஸ்டேட், மந்திர் மார்க், லக்ஷ்மிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி. உங்களுக்கு ஜனக்புரி பக்கம். மெட்ரோ நீல வழியில் ஒரே வண்டி. அரசு உதவி பெறும் பள்ளிகள், சி.பி.எஸ்.இ. பாடம். நேரில் போய்க் கேளுங்கள். ஏழில் இடம் இருப்பது அந்த வருஷம் எத்தனை குடும்பங்கள் மாற்றலில் போயின என்பதைப் பொறுத்தது. மத்திய அரசு ஊழியர்கள் மாற்றலாகும் மாதங்களில் இடம் காலியாகும், அதனால் ஏப்ரலில் இல்லை என்றாலும் பெயரைக் கொடுத்து வாருங்கள்.

அங்கே போனால் உங்கள் பையனுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. தில்லி அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை மூன்றாம் மொழி படிக்கவேண்டும், பெரும்பாலான பள்ளிகளில் அது சம்ஸ்கிருதம். ஆறில் "ராம: ராமௌ ராமா:" என்று உருப்போடத் தொடங்கிவிடுவார்கள். ஏழில் வந்து சேரும் பையனுக்கு அது தலையும் புரியாது வாலும் புரியாது. தமிழ் இருக்கும் பள்ளியில் அந்தப் பாரம் இல்லை. வேறு பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்று வந்தால், மூன்றாம் மொழி என்னவென்று சேர்க்கும் முன்பே கேட்டு, ஆறாம் வகுப்புப் புத்தகத்தை இப்போதே வாங்கிவிடுங்கள்.

இந்திதான் பெரிய விஷயம், அதற்கு வருகிறேன். பார்க்கில் கிரிக்கெட் ஆடி வந்த இந்தி நல்ல இந்திதான். காது தயாராக இருக்கிறது. கைதான் தயாராக இல்லை. அந்தப் பிள்ளைகள் எங்கே விழுவார்கள் என்று எனக்குத் தெரியும். குறில் 'இ'க்கும் நெடில் 'ஈ'க்கும் மாத்திரை மாறும். 'क', 'ख', 'ग', 'घ' என்று இந்தியில் இருக்கும் நாலு 'க' எழுத்தும் தமிழ்க் காதுக்கு ஒன்றாகவே விழும். பேச்சில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போகும். இதற்கு டியூஷன் வேண்டாம். தினமும் 'ஸ்ருத்லேக்', அதாவது சொல்வதைக் கேட்டு எழுதுவது. பக்கத்து வீட்டில் இந்தி தாய்மொழியாக உள்ள ஓர் அத்தையோ தாத்தாவோ இருந்தால் அவரைப் படிக்கச் சொல்லுங்கள். நாம் படித்தால் நம் உச்சரிப்பில் படிப்போம், பிள்ளை அதையே எழுதும். எழுதியதை அவனே புத்தகத்தைப் பார்த்துத் திருத்தட்டும். இப்போது தொடங்கினால் ஏப்ரலுக்குள் வகுப்பில் தலைகுனியாமல் உட்காரும் அளவுக்கு வந்துவிடும். அழகான கட்டுரை எழுத இன்னும் ஒரு வருஷம் ஆகும், ஆகட்டும்.

புத்தகம் வாங்கும்போது கவனம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் முழுக்க மாறிவிட்டன. மூன்றும் ஆறும் 2024-ல், நாலு, ஐந்து, ஏழு, எட்டு 2025-ல். அக்கா மகன் படித்த பழைய புத்தகம் உதவாது. என்.சி.இ.ஆர்.டி. தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கணக்கில் அவன் கெட்டிக்காரன் என்கிறீர்கள். நம்புகிறேன். வீட்டில் படித்து வந்த பிள்ளைகள் விடையை மனதிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். படி படியாக எழுதச் சொன்னால் கோபம் வரும், "தெரியுதே, எதுக்கு எழுதணும்?" என்பார்கள். பள்ளித் தேர்வில் படிகளுக்குத்தான் பாதி மதிப்பெண். மணி பார்த்து உட்கார்ந்து, ஒரு முழுத் தாளையும் எழுந்திருக்காமல் எழுதும் பழக்கமும் இருக்காது. வாரம் ஒருநாள் அதை மட்டும் பழக்குங்கள்.

எட்டு முடித்தும் அவனுக்குப் பள்ளி ஒட்டவே இல்லை என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். 1989-ல் தொடங்கியது, தலைமையகம் நொய்டா 62-ஆம் செக்டரில். பத்தாம் வகுப்புக்கு 14 வயது முடிந்திருக்கவேண்டும், ஐந்து பாடம், தமிழையும் எடுக்கலாம். பதிவு ஐந்து வருஷம் செல்லும், ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதலாம். வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கும் மதிப்பெண் உண்டு. மத்திய அரசின் வாரியம், கல்லூரியில் ஏற்கிறார்கள். இதே மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு "ஒரே மாதத்தில் பத்தாம் வகுப்பு" என்று விளம்பரம் செய்பவர்கள் பக்கம் போகவே போகாதீர்கள். பணத்தோடு பையனின் வருஷமும் போகும்.

கேள்வி: ஜனக்புரியில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். பேரனையும் பேத்தியையும் மருமகள் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிறாள். நாலு பேரோடு பழகாமல் எப்படி வளரும்? சொன்னால் சண்டை வருகிறது.

பதில்: சொல்லாதீர்கள். ஒரு பாடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "தமிழ் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள், மருமகள் மூச்சு விடுவாள். நாள் முழுக்க இரண்டு பிள்ளைகளோடு பாடமும் சமையலுமாக இருப்பவளுக்கு ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும்.

பழக்கம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அது பள்ளியால் மட்டும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அழைத்துப் போங்கள், அப்படியே மலை மந்திருக்கு. மாலையில் பார்க்கில் அதே பிள்ளைகளோடு தினமும் விளையாடட்டும். அதே முகங்களைத் தினமும் பார்க்கவேண்டும், அதுதான் முக்கியம்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 13 வயது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நானும் தம்பியும் வீட்டில்தான் படிக்கிறோம். அம்மா எங்களுக்காக வேலையை விட்டார்கள். நன்றாகச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் எனக்கு ஸ்கூல் போகவேண்டும் போல் இருக்கிறது. எனக்கென்று ஃப்ரெண்ட்ஸ் யாரும் இல்லை. அம்மாவிடம் சொன்னால் அழுவார்கள். என்ன செய்வது?

பதில்: கண்ணு, சொல்லிவிடு. அழுதாலும் பரவாயில்லை. அம்மா அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திரு. "நீ சரியாச் சொல்லித்தரலை" என்று அவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்பதுதான் உன் பயம். அதனால் முதல் வாக்கியத்திலேயே அம்மாவிடம் என்னவெல்லாம் கற்றாய் என்று சொல், பிறகு எனக்குத் தோழிகள் வேண்டும் என்று சொல். இரண்டுமே உண்மை, இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் தப்பில்லை. நேரில் வரவில்லை என்றால் எனக்கு எழுதிய மாதிரியே அம்மாவுக்கும் எழுது. நன்றாக எழுதுகிறாய். தம்பிக்கு வீடு பிடித்திருந்தால் அவன் இருக்கட்டும், நீ அவனுக்காகவும் சேர்த்து முடிவெடுக்கவேண்டாம்.

உன் அம்மா இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வேலையை விட்டது வீண்போகவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று பதின்மூன்று வயதில் யோசித்து எழுதத் தெரிந்த பெண்ணை வளர்த்திருக்கிறீர்கள். அவளுக்கு அவசரமும் இருக்கிறது. இந்த ஏப்ரலில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தால் அடுத்த வருஷம் ஒன்பதுக்குப் பள்ளியே அழைத்துப் போகும். ஒரு வருஷம் தள்ளினால் ஒன்பது வாசலில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று கேட்பார்கள், அது உங்களிடம் இருக்காது. துவாரகாக்காரருக்கு எட்டில் சேர்க்காதீர்கள் என்றேன். அவர் பையனுக்கு ஒரு வருஷம் கையில் இருக்கிறது, உங்கள் பெண்ணுக்கு இல்லை. அதனால் எட்டில் சேர்த்து, இந்த சில மாதங்களும் இந்தி எழுத்தையும் தேர்வு எழுதுவதையும் பழக்குங்கள்.

கண்ணு, நீ செய்யவேண்டியது: ஐந்தாம் வகுப்பு எஸ்.எல்.சி. வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடி எடு. பிறப்புச் சான்று, ஆதார், வீட்டு முகவரிச் சான்று மூன்றையும் அதோடு ஒரே ஃபைலில் வை. பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளி விடும் நேரத்துக்கு ஒருநாள் அம்மாவோடு போய், எட்டாவது படிக்கும் இரண்டு பெண்களிடம் டீச்சர்கள் எப்படி, டாய்லெட் சுத்தமாக இருக்கிறதா என்று கேள். பதிவு தொடங்கும் தேதி கல்வி இயக்குநரகத் தளத்தில் வரும், மார்ச் கடைசியிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிரு. இடம் இல்லை என்று எங்கேயாவது சொன்னால், எந்தப் பள்ளி, யார் சொன்னது என்று குறித்துக்கொண்டு உடனே எனக்கு எழுது.